'பாய்லர் போச்சு' என்றதும் பணத்தை எடுக்காதீர்கள்!

பெங்களூர் ராமமூர்த்தி நகரில் வசிக்கும் குமாஸ்தா ஒருவர், இரண்டு தீபாவளிகளுக்கு முன் கிடைத்த போனஸ் பணத்தில் வீட்டுக்கு ஒரு எஸ்பிரெஸ்ஸோ காபி மெஷின் வாங்கினார். விலை பன்னிரண்டாயிரம். சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். தாத்தா காலத்திலிருந்து பித்தளை பில்டரில் டிகாக்ஷன் இறக்கிக் குடிக்கும் குடும்பம். "எனக்கு இது ஒரு ஆசை" என்று மனைவியிடம் சமாதானம் சொல்லித்தான் வாங்கினார்.

காரண்டி முடிந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஷின் படுத்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது. பம்பு 'கர்ர்' என்று கத்துகிறது. ஆனால் தண்ணீர் சூடாகவில்லை. மெஷினுக்கு அடியில் மேடை எல்லாம் ஈரம்.

பக்கத்துத் தெரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர் மெஷினைச் சாய்த்துப் பார்த்தார். ஒரு ஸ்குருவைக்கூடக் கழற்றவில்லை. "பாய்லர் போச்சு சார். மாற்றினால் ஆறாயிரம் ஆகும். பேசாமல் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுங்கள்" என்றார்.

ஆறாயிரம் என்றால் அரை மாத வீட்டு வாடகை. குமாஸ்தாவுக்கு மனசு வரவில்லை. யாரோ சொன்னார்கள் என்று சிவாஜி நகரில் ஒரு வயதான மெக்கானிக்கைத் தேடிப் போனார். அவர் ஆம்பூர்க்காரர். அவருடைய தகப்பனார் ரயில்வேயில் நீராவி என்ஜின் ஷெட்டில் பிட்டராக இருந்தவர். மெஷினைக் கையில் வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"உங்கள் வீட்டில் என்ன தண்ணீர் சார்? காவேரியா, போரா, டேங்கரா?"

குமாஸ்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மெஷின் ரிப்பேருக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்?

"சம்பந்தமே அதுதான். பாய்லர் அவ்வளவு சீக்கிரம் சாகாது சார். அதைச் சுற்றி இருப்பதுதான் முதலில் சாகும்" என்றபடி அவர் ஸ்குரு டிரைவரை எடுத்தார்.

உள்ளே இருப்பது என்ன?

நம் ஊர் டீக்கடையில் நிற்கும் பித்தளை பாய்லரைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. நடுவில் கரிக்குழாய், சுற்றிலும் வெந்நீர். அது வாய் திறந்த சமாசாரம். ஆவி வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஆகவே அதனால் பெரிய ஆபத்து இல்லை. எஸ்பிரெஸ்ஸோ மெஷினில் இருப்பது மூடிய பாய்லர். ஒரு டம்ளர் அளவுகூட இருக்காது. ஆனால் உள்ளே அழுத்தம் உண்டு.

அழுத்தம் என்றதும் பயப்பட வேண்டாம். பாலுக்கு நுரை அடிக்கும் நீராவியின் அழுத்தம் ஏறத்தாழ வீட்டுப் பிரஷர் குக்கரின் அழுத்தம்தான். இரண்டிலும் சூடு 120 டிகிரி சுற்றி இருக்கும். காபித் தூள் வழியாகத் தண்ணீரைத் தள்ளும் அழுத்தம் வேறு. அது காற்றழுத்தத்தைப் போல் ஒன்பது மடங்கு. அதைக் கொடுப்பது பாய்லர் அல்ல, பம்பு.

கடைகளில் நாலைந்து ஆயிரத்துக்கு விற்கிற மெஷின்களில் பம்பே கிடையாது. மேலே திருகு மூடியைத் திறந்து அளவாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆவியே தண்ணீரைத் தள்ளும். இன்னொரு ரகத்தில் பாய்லருக்குப் பதில் ஓர் உலோகக் கட்டி, அதற்குள் பென்சில் முனை நுழையும் அளவுக்கு ஒரு வழி. தண்ணீர் அதில் ஓடும்போதே சூடாகிவிடும். மூன்றாவது ரகம் பம்பும் பாய்லரும் சேர்ந்தது. குமாஸ்தா வாங்கியது அந்த ரகம், பித்தளை பாய்லர் வைத்தது.

(கல்யாண வீடுகளில் 'எக்ஸ்பிரஸ்ஸோ காபி' என்று உஸ் உஸ் என நுரை அடித்துத் தருகிறார்களே, அது உண்மையில் எஸ்பிரெஸ்ஸோ அல்ல. பாலில் இன்ஸ்டன்ட் தூளைப் போட்டு நீராவி விடுகிறார்கள். ஆனால் அதிலும் பாய்லர் உண்டு, உப்பும் பிடிக்கும்.)

இத்தாலியில் டூரின் நகரத்து ஏஞ்சலோ மோரியோண்டோ என்பவர் 1884ல் நீராவியால் காபி போடும் யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அந்தக் காலத்து மெஷின்கள் ஆள் உயரம் நின்றன. இன்று அது சமையல் மேடையில் மிக்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அளவு சுருங்கிவிட்டது, பாய்லருக்கு வரும் நோய் மட்டும் மாறவில்லை.

ரயில் என்ஜினுக்கு வந்த நோய்

தொழிற்சாலை பாய்லர் என்றால் அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் 1923ல் வந்த பாய்லர் சட்டம் அது. 2025ல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் 25 லிட்டருக்குக் குறைந்த பாய்லர்கள் அதில் சேராது. ஆகவே நம் வீட்டு மேடையில் இருக்கும் பாய்லருக்கு இன்ஸ்பெக்டர் யார்? வீட்டுக்காரர்தான், அல்லது வீட்டுக்காரம்மா.

நீராவி என்ஜின் ஓடிய நாட்களில் என்ஜினின் பாய்லரைக் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை ஷெட்டில் நிறுத்தி, ஆற வைத்து, துவாரங்களின் மூடிகளைத் திறந்து உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்கள். உள்ளே படிந்த சேறும் உப்பும் அப்போது வெளியேறும். இதைச் செய்யாவிட்டால் குழாய்களின் மேல் உப்பு ஏடு கட்டும். நிலக்கரி அதிகம் தின்னும், ஆவி குறையும், கடைசியில் உலோகம் காய்ந்து கெடும்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. நெருப்புப் பெட்டியின் கூரையில் ஈயம் அடைத்த ஒரு திருகு. பாய்லரில் தண்ணீர் குறைந்து அந்தக் கூரை தண்ணீருக்கு வெளியே தெரிய ஆரம்பித்தால், சூட்டில் ஈயம் உருகிவிடும். ஆவி நெருப்பின் மேல் பாய்ந்து எச்சரிக்கும். ஓர் அணா ஈயம் பெரிய விபத்தைத் தடுத்துவிடும்.

குமாஸ்தாவின் மெஷினைத் திறந்த மெக்கானிக் காட்டியதும் இந்த இரண்டையும்தான். பாய்லருக்குள் இருந்த சூடேற்றும் காயிலின் மேல் முட்டை ஓடு போல வெள்ளைப் படிவு. பாய்லரின் வெளிப்புறத்தில் ஒட்டியிருந்த, சிகரெட் துண்டு நீளம்கூட இல்லாத ஒரு பியூஸ் கருகிப் போயிருந்தது.

"இதுதான் சார் எங்கப்பா சொல்கிற ஈயத் திருகு. தன்னை எரித்துக்கொண்டு உங்கள் பாய்லரைக் காப்பாற்றியிருக்கிறது."

உப்பு எங்கிருந்து வருகிறது?

பெங்களூருக்குக் குழாய்த் தண்ணீர் வந்த கதை பெரிது. 1896ல் ஹெசரகட்டாவிலிருந்து வந்தது. 1933ல் திப்பகொண்டனஹள்ளி சேர்ந்தது. 1974ல் காவேரி முதல் கட்டம். கடைசியாக 2024 அக்டோபரில் ஐந்தாவது கட்டம். சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, 500 மீட்டருக்கு மேல் உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுவருகிறார்கள்.

இவ்வளவு செய்தும் காவேரி எல்லா வீட்டுக்கும் எல்லா நாளும் வருவதில்லை. புறநகர்ப் பகுதிகளில் போர்வெல்தான் கதி. அதுவும் வற்றினால் டேங்கர். 2024 மார்ச்சில் நகரம் பட்ட பாடு பலருக்கு மறந்திருக்காது. காவேரித் தண்ணீர் பொதுவாக மென்மையானது. பாறையின் அடியில் நூற்றுக்கணக்கான அடி இறங்கி எடுக்கும் போர்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிறுவனத்தின் அளவு. குடிக்க 600 சரியாக இருக்கலாம். பாய்லருக்கு அது விஷம்.

தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடு பட்டதும் பிரிந்து கல்லாகிறது. எங்கே சூடு அதிகமோ அங்கே முதலில் ஒட்டும். அதாவது காயிலின் மேல். செம்போடு ஒப்பிட்டால் இந்தக் கல் நூறில் ஒரு பங்கு சூட்டைக்கூடக் கடத்தாது. காயில் உள்ளே தகிக்கும். தண்ணீர் வெளியே மெதுவாகச் சூடாகும். கம்பளி போர்த்திய ஆள் வெயிலில் நிற்பது போல.

நீராவி எடுக்கிற மெஷினில் இன்னொரு கொடுமை. ஆவியாகப் போவது சுத்தமான தண்ணீர். உப்பு உள்ளேயே தங்கிவிடும். நாளுக்கு நாள் உள்ளிருக்கும் தண்ணீர் கெட்டியாகும். வெந்நீர்க் குழாய் உள்ள மெஷினில் தினமும் ஒரு டம்ளர் வெந்நீரைப் பிடித்துக் கொட்டிவிடுவது இதனால்தான் நல்லது. ரயில் என்ஜினிலும் அடியில் வால்வைத் திறந்து கெட்டித் தண்ணீரை ஊதித் தள்ளுவார்கள்.

வீட்டுத் தண்ணீர் எப்படி என்று பார்க்கப் பெரிய சோதனை தேவையில்லை. ஒரு பாட்டிலில் பாதித் தண்ணீர், அதில் சலவைச் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். சோப்புதான் வேண்டும், சலவைப் பவுடர் உதவாது. நுரை பொங்கினால் மென்நீர். நுரை வராமல் வெள்ளைத் திரி திரியாக மிதந்தால் கடின நீர். தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்பவர்கள் பேனா போன்ற ஒரு மீட்டரை முக்கிக் காட்டுவார்கள். அது கரைந்த உப்பு அத்தனையையும் சேர்த்துக் காட்டும். பாய்லரைக் கெடுக்கும் சுண்ணாம்பு எவ்வளவு என்று தனியாகச் சொல்லாது.

நோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஒரு ராத்திரி ஆறவிடுங்கள். பம்பு இல்லாத ரகத்தில், ஆவியை முழுக்க வெளியேற்றாமல் மேல் மூடியைத் தொடவே கூடாது. குக்கரைத் திறப்பதற்கு என்ன எச்சரிக்கையோ அதே எச்சரிக்கை.

அடியில் தண்ணீர் என்றதும் பாய்லர் ஓட்டை என்று நினைக்க வேண்டாம். பல மெஷின்களில் காபி இறங்கி முடிந்ததும் மிச்ச அழுத்தத்தை ஒரு வால்வு கீழ்த்தட்டில் விடும். தட்டு நிரம்பினால் மேடையில் வழியும். தண்ணீர்த் தொட்டி சரியாக உட்காராவிட்டாலும் ஒழுகும். இரண்டையும் பார்த்த பிறகு, காபித் தூள் கைப்பிடி மாட்டும் இடத்தைப் பாருங்கள். அங்கே ஒரு ரப்பர் வளையம் உண்டு. சூட்டில் அது கல் மாதிரி இறுகிவிடும். கைப்பிடியின் ஓரத்தில் சொட்டினால் வளையத்தை மாற்றினால் போதும்.

அதுவும் இல்லையென்றால் உறையைக் கழற்றவேண்டி வரும். அது தெரிந்தவர் கையால் நடக்கட்டும். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். மூட்டுகளில் மெல்லிய காகிதத்தைச் சுற்றிவைத்தால் எது நனைகிறது என்று தெரிந்துவிடும். பழைய கசிவு தன் தடத்தை விட்டிருக்கும். வெள்ளைக் கோடு, பித்தளை செம்பாக இருந்தால் பச்சைக் களிம்பு. தடம் மூட்டில் தொடங்கினால் வாஷர்தான் குற்றவாளி. குமாஸ்தாவின் மெஷினில் பாய்லரின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே இருந்த வளையம் வெந்து போயிருந்தது. மேடை நனைந்த மர்மம் அதோடு தீர்ந்தது.

சூடாகவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். 230 வோல்ட்டில் 1000 வாட் காயில் என்றால் சுமார் 53 ஓம் காட்டும். 1300 வாட் என்றால் 41 சுற்றி. இந்தக் கணக்கு வந்தால் காயில் உயிரோடு இருக்கிறது. பியூசையும் தெர்மோஸ்டாட்டையும் பார்க்க வேண்டியதுதான். மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. பல மெஷின்களில் காயிலைத் தனியாக மாற்றலாம். சிலவற்றில் பாய்லரோடு வார்த்திருப்பார்கள், அங்கேதான் செலவு.

மெஷினைப் போட்டதும் வீட்டு ஆர்சிசிபி விழுந்தால், காயிலிலிருந்து மின்சாரம் உடம்புக்குக் கசிகிறது என்று பொருள். பல மாதம் பூட்டிவைத்த மெஷினில் ஈரத்தாலும் இது வரும். எதுவானாலும் எர்த் இல்லாத பிளக்கில் போட்டுப் பார்ப்பது தற்கொலை.

தெர்மோஸ்டாட்டைக் கொதிநீரில் போட்டுச் சோதிக்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர். இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். 100 வரவில்லை என்று நல்ல பாகத்தைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டாம்!

சூடாக நேரம் அதிகமாகிறது, தண்ணீர் நூல் மாதிரி வருகிறது, ஆவியில் வேகமில்லை, உள்ளே கடகடவென்று சத்தம், கோப்பையில் வெள்ளைத் துகள். இவை சேர்ந்து வந்தால் உப்பு பிடித்துவிட்டது. இந்தக் கட்டத்தில் கவனித்துவிட்டால் செலவு பத்து இருபது ரூபாயோடு போகும்.

உண்மையிலேயே பாய்லர் போவதும் உண்டு. மூட்டில் இல்லாமல் உடம்பிலேயே களிம்போ பழுப்புப் புள்ளியோ தெரியும். பித்தளை மஞ்சள் நிறம் மாறிச் செம்பு போலச் சிவந்து பொரிந்திருக்கும். அதிலுள்ள துத்தநாகம் கரைந்து போனதன் அடையாளம் அது. அலுமினியம் சாம்பல் பொடி உதிர்த்துக் குழி விழும். அப்போது எம்-சீல் அப்புவதோ ஈயம் பற்றவைப்பதோ கூடாது. அது குடிக்கிற தண்ணீர், அழுத்தமும் இருக்கிறது. அந்த பாய்லரை மாற்றத்தான் வேண்டும்.

நுரை அடித்த பிறகு ஒரு நிமிஷம்

குமாஸ்தாவின் பியூஸ் ஏன் எரிந்தது? பாலுக்கு நுரை அடித்துவிட்டு மெஷினை அப்படியே விட்டுவிட்டுச் செய்தித்தாள் படிக்கப் போய்விடுவாராம். சின்ன பாய்லர் அது. நுரை அடிக்கும்போது உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறும். பம்பு தானாக நிரப்பாது. பாதி காலியான பாய்லரில் காயில் வெளியே தெரிய எரிந்துகொண்டிருக்கும். ஏற்கெனவே அதன் மேல் சுண்ணாம்புப் போர்வை வேறு.

செய்ய வேண்டியது சுலபம். நுரை முடிந்ததும் ஆவிக் குழாயின் கீழ் ஒரு டம்ளரை வைத்து, குழாயைத் திறந்தபடி பம்பை ஓட்ட வேண்டும். முதலில் சீறும், பிறகு துப்பும், பிறகு தண்ணீர் அறுபடாமல் வரும். வந்ததும் மூடிவிடலாம். பம்பு வெறுமனே கத்தினாலும் இதே வைத்தியம். உள்ளே அடைத்த காற்று போய்விடும்.

பியூஸ் எரிந்தால் அதே டிகிரி அச்சிட்ட பியூசைத்தான் போட வேண்டும். சில கடைகளில் ஒரு துண்டுக் கம்பியால் இரண்டு முனையையும் முடிந்து 'ரெடி' என்று தந்துவிடுகிறார்கள். ஈயத் திருகின் இடத்தில் இரும்பு போல்ட்டை முடுக்கிய என்ஜினில் யார் ஏறுவார்கள்?

உப்பை எடுப்பதும் வராமல் தடுப்பதும்

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலமே பித்தளை, எவர்சில்வர் பாய்லர்களுக்குப் போதும். ஒரு லிட்டர் சாதாரணத் தண்ணீருக்கு 20 கிராம். நன்றாகக் கரைத்துத் தொட்டியில் ஊற்றி, சூடேறும் முன் காபி வழியிலும் ஆவிக் குழாயிலும் கொஞ்சம் கொஞ்சம் ஓடவிட்டு அணைத்துவிடுங்கள். கால் மணி நேரம் ஊறட்டும். மிச்சத்தையும் ஓட்டி, பிறகு நல்ல தண்ணீர் இரண்டு தொட்டி. கொதிக்கக் கொதிக்கச் செய்தால் சீக்கிரம் கரையும் என்று நினைப்பது தவறு. சூட்டில் சிட்ரிக் அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்து கரையாத வேறொரு படிவை உண்டாக்கிவிடும்.

வெளிவரும் தண்ணீர் லேசான நீலமாக இருந்தால் அமிலம் செம்பைத் தொட்டுவிட்டது. உடனே நிறுத்திக் கழுவ வேண்டும். அலுமினியப் பாய்லருக்கு மெஷினோடு வந்த புத்தகம் சொல்கிற மருந்துதான், சொல்கிற நேரம்தான். வினிகரை ராத்திரி முழுக்க ஊறவைத்து அலுமினியத்தைத் தின்னக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட் எந்த பாய்லருக்கும் ஆகாது. குமாஸ்தாவின் காயிலைப் போலத் தடித்த படிவு என்றால் அமிலத்தை ஓட்டினால் சில்லு சில்லாகப் பெயர்ந்து வால்வை அடைத்துவிடும். பாய்லரைப் பிரித்துக் கையால் சுத்தம் செய்வதே முறை.

டேங்கர் தண்ணீர் என்றால் மாதம் ஒரு முறை, காவேரி என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்பது சிவாஜி நகர் மெக்கானிக்கின் கணக்கு.

ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஊற்றலாம், ஆனால் உப்பே இல்லாத தண்ணீர் செம்பை மெல்ல அரிக்கும், காபியும் சப்பென்று இருக்கும். பெரிய மெஷின்களில் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கம்பி, மின்சாரம் கடத்தாத தண்ணீரைத் தண்ணீர் என்றே உணராது. காவேரியில் பாதியைக் கலந்து ஊற்றுவது நல்ல வழி. வாயில் வைத்தாலே கரிக்கிற போர்த் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தச் சமையல் உப்பு எவர்சில்வரையும் குத்தி ஓட்டை போடும். கடின நீரை மென்மையாக்கும் பெட்டி சுண்ணாம்பைத்தான் பிடிக்கும், கரிப்பைப் பிடிக்காது.

ஆர்.ஓ. இல்லாத வீட்டில் ஒரு பழைய வழி இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் சுண்ணாம்பில் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் தங்கும். மேலே தெளிந்ததை வடிகட்டி மெஷினுக்கு ஊற்றலாம். அடியில் படிந்ததைப் பார்த்தாலே மெஷின் என்ன பாடுபடும் என்று தெரியும்.

மெஷின் இல்லாத வீட்டிலும் கெய்சர் இருக்கிறது. அதற்கும் இதே உப்பு, இதே காயில். அதன் தொட்டிக்குள் மெக்னீசியக் கம்பி ஒன்று தொங்கும். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைந்துபோவது அதன் வேலை. கரைந்து முடிந்தால் அடுத்தது தொட்டி. வருடம் ஒரு முறை திறந்து பார்க்கச் சொன்னால் வாடகைக்கு விட்டவர் "நீங்கள் பாருங்கள்" என்பார், வாடகைக்கு இருப்பவர் "அவர் பார்க்கட்டும்" என்பார்.

குமாஸ்தாவின் மெஷின் நான்காவது நாள் திரும்பி வந்தது. ஒரு பியூஸ், இரண்டு ரப்பர் வளையம், பாய்லரைப் பிரித்துச் சுரண்டிய கூலி, எல்லாம் சேர்த்து எழுநூற்றைம்பது ரூபாய். காயிலிலிருந்து பெயர்த்த சுண்ணாம்பை மெக்கானிக் ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்தார். அந்தப் பொட்டலம் இப்போது சமையலறைக் காலண்டர் ஆணியில் தொங்குகிறது. காலண்டரில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறைச் சுற்றி வட்டம் போட்டிருப்பவர், மெஷின் வேண்டாம் என்று சொன்ன அந்த அம்மாள்தான்.